பூட்டன் இருந்த பட்டாளத்தின்ர வரலாற்றைத் தேடுறது எப்பிடி

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் எங்கட சனத்தில கனபேரின்ர வீட்டில ஒரு கதை இருக்கும், அம்மப்பாவின்ர தகப்பன் வெள்ளைக்காரன்ர பட்டாளத்தில இருந்தவராம், மெசப்பத்தேமியாவுக்கு (இண்டைக்கு ஈராக்) கப்பலில போனவராம், இல்லாட்டி பர்மாவில சண்டை பிடிச்சவராம் எண்டு. 58, 77 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்களில இந்தக் கதையை நான் கூடக் கேட்டிருக்கிறன். அதில அதிசயம் ஒண்டுமில்லை, அவையின்ர முன்னோர் திருச்சி, சேலம், வட ஆற்காடு எண்டு எந்தெந்தப் பக்கத்தில இருந்து தோட்டத்துக்கு வந்தினமோ அதே ஊர்களில இருந்துதான் மெட்ராஸ் பட்டாளத்துக்கும் ஆள் எடுத்தவங்கள், ஒரு அண்ணன் கங்காணியோட கண்டிக்குப் போவார், தம்பி பட்டாளத்தில சேருவார். இந்தக் கதையைக் கதையாவே விட்டிடாம, எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு), எந்த வருசம், எங்க போனது எண்டு எப்பிடித் தேடிப் பிடிக்கலாம் எண்டதைத்தான் இதில எழுதுறன்.

எல்லாரும் முதல்ல செய்யிறது கூகிளில பூட்டன்ர பெயரைப் போடுறதுதான். ஒண்டும் வராது. வந்தாலும் அது வேற ஆளாத்தான் இருக்கும். ஏனெண்டா பிரிட்டிஷ் இந்தியப் படையில இருந்த வெள்ளைக்கார ஒபிசர்மாரின்ர சேவைப் பதிவுகள்தான் லண்டன் பிரிட்டிஷ் லைபிரரியில இந்தியா ஒபிஸ் ரெக்கோர்ட்ஸ் எண்ட பகுதியில ஒழுங்கா அடுக்கிக் கிடக்கு, சாதாரண சிப்பாயின்ர தாள் பெரும்பாலும் லண்டனுக்குப் போகவேயில்லை, அது ரெஜிமென்டோடதான் நிண்டது. ரெஜிமென்ட் கலைஞ்சா தாளும் சிதறும், 1947 இல ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனா அதோட சேர்ந்ததும் அங்க போகும். அதால ஆளைத் தேட முதல் ரெஜிமென்டைப் பிடியுங்கோ, ரெஜிமென்டைப் பிடிக்கிறதெண்டா அதுக்கு ஒவ்வொரு காலத்திலயும் என்ன பெயர், என்ன நம்பர் எண்டதைப் பிடியுங்கோ. இதை விட்டிட்டு வேற எங்க தொடங்கினாலும் நாள்தான் போகும்.

வீட்டில இருந்து தொடங்குவம். வயசுபோன ஆக்களிட்டக் கேக்கேக்க ஒரு விசயம் கவனமா இருங்கோ. வன்னியில "இந்தியன் ஆமி" எண்டு சொன்னா அது 87 தொடக்கம் 90 வரைக்கும் இஞ்ச நிண்ட ஆமிதான், வேற ஒண்டும் நினைவுக்கு வராது, அந்தச் சொல்லைக் கேட்ட உடன சில அம்மாமார் கதையையே நிப்பாட்டிப்போடுவினம், அதுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அதால "அந்தக் காலத்து வெள்ளைக்காரன்ர பட்டாளத்தில ஆராவது இருந்தவையே" எண்டு கேளுங்கோ. பெயரை மட்டும் கேட்டுப்போட்டு வராதேங்கோ. பூட்டன்ர தகப்பன்ர பெயர், இந்தியாவில எந்தக் கிராமம், எந்தத் தாலுகா, அவர் பட்டாளத்தில இருந்து வந்த பிறகா தோட்டத்துக்கு வந்தவர் இல்லை முதலா, பென்சன் எடுத்தவரோ, எந்தத் தபால் கந்தோரில எடுத்தவர், கப்பலில எங்க போனதெண்டு ஏதாவது ஊர்ப் பெயர் சொன்னவரோ. பாஸ்ரா எண்டோ பக்தாத் எண்டோ ஒரு ஊர் தெரிஞ்சாலே அநேகமா முதலாம் உலகப் போர் எண்டு பாதி விசயம் முடிஞ்சுது, இம்பால், ரங்கூன் எண்டா அநேகமா இரண்டாவது. போனில ரெக்கோர்ட் பண்ணுங்கோ, கேட்டுப்போட்டு, மற்ற சகோதரங்களிட்டயும் அதே கேள்வியைத் தனித்தனியக் கேளுங்கோ, ஒராள் மறந்ததை மற்ற ஆள் வைச்சிருப்பார்.

இன்னொண்டு. மலாயாவில றப்பர் தோட்டத்தில இருந்து நேதாஜியின்ர இந்திய தேசிய ராணுவத்தில சேர்ந்த தமிழ் ஆக்கள் கனபேர். சில குடும்பங்களில இந்த இரண்டு கதையும் கலந்து போயிருக்கும், வெள்ளைக்காரனோட சண்டை பிடிச்சவரா வெள்ளைக்காரனுக்காகச் சண்டை பிடிச்சவரா எண்டதை முதல்ல தெளிவாக்குங்கோ, ஏனெண்டா அது முழுக்க வேற பதிவு, வேற இடத்தில தேட வேணும்.

இப்ப பொருள்கள். மெடல் இருந்தா நீங்கள் அதிர்ஷ்டக்காரர். தயவுசெய்து பிராசோ போட்டு மினுக்காதேங்கோ, நான் கெஞ்சிக் கேக்கிறன், ஏனெண்டா முதலாம் உலகப் போர் மெடல்களில ஆளின்ர நம்பர், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் மெடலின்ர விளிம்பில பொறிச்சிருக்கும், முகத்தில இல்லை, மினுக்க மினுக்க அந்த எழுத்துத்தான் முதல்ல தேஞ்சு போகும். வெயில் சரிஞ்ச நேரம் யன்னலுக்குப் பக்கத்தில வைச்சு, வெளிச்சம் பக்கவாட்டில விழுற மாதிரி விளிம்பைச் சுத்திச் சுத்திக் கிட்டவாப் போட்டோ எடுங்கோ, போனை அசையாமப் பிடிக்க இரண்டு கொப்பியை அடுக்கி அதில வைக்கலாம். எழுத்து இங்கிலீசில சுருக்கமாத்தான் இருக்கும், சிப்பாய், ஹவில்தார் எண்ட பதவியளையும் சுருக்கிப் போட்டிருப்பாங்கள், ரெஜிமென்ட் பெயரும் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கும், ஆனா நம்பர் இருக்கும். அந்த நம்பர்தான் எங்களுக்குத் தேவை. இரண்டு நம்பர் வரும் எண்டதை மறக்காதேங்கோ, முன்னால வாறது ஆளின்ர நம்பர், ரெஜிமென்ட் பெயரோட சேர்ந்து வாறது ரெஜிமென்டின்ர நம்பர்.

முதலாம் போருக்குக் குடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் எண்டது வெள்ளி. அதே மெடல் செம்பு நிறத்தில, வெண்கலத்தில இருந்தா உங்கட பூட்டன் அநேகமா சண்டைக்காரச் சிப்பாய் இல்லை, லேபர் கோர் எண்ட வேலைப் படையில, இல்லாட்டி தூக்கிக் கொண்டு போறவர், சமைக்கிறவர் எண்ட மாதிரிப் பின்னணி வேலையில இருந்தவர். அதைக் குறைவா நினைக்கிற குடும்பங்களும் இருக்கு, நினைக்காதேங்கோ, அவையும் அதே வெய்யிலிலயும் அதே காய்ச்சலிலயும் செத்தவைதான், ரோட்டும் ரெயில் பாதையும் போட்டது அவைதான். இரண்டாம் உலகப் போர் எண்டா ஆறு முனை நட்சத்திரம், பர்மா ஸ்டார், ஆபிரிக்கா ஸ்டார் எண்டு நடுவில எழுதியிருக்கும், அதில பெரும்பாலும் ஆளின்ர பெயர் இருக்காது, அதால ஸ்டார் மட்டும் இருந்தா எந்தப் போர்முனை எண்டது தெரியும், எந்த ரெஜிமென்ட் எண்டது தெரியாது.

மெடலை விடப் பெறுமதியானது டிஸ்சார்ஜ் செட்டிபிக்கட். சின்னப் புத்தகமாவோ மடிச்ச தாளாவோ இருக்கும், ஊர், தாலுகா, சாதி, உயரம், உடம்பில உள்ள அடையாளம், சேர்ந்த திகதி, விட்ட திகதி, நடத்தை எப்பிடி எண்டு எல்லாம் இருக்கும். இடம்பெயர்வில எத்தினை ட்ரங்குப் பெட்டி போச்சு எண்டு எங்களுக்குத் தெரியும், மாத்தளன் வரைக்கும் கொண்டு போய் அங்க விட்டவையும் இருக்கினம், அதால தாள் இல்லாத குடும்பந்தான் கூட. இல்லாட்டிலும் வழி இருக்கு, கொஞ்சம் சுத்து வழி.

சரி, இப்ப பெயர்ச் சங்கிலி. இதுதான் முழு வேலையின்ர முதுகெலும்பு, ஆறுதலா வாசியுங்கோ.

மெட்ராஸில 1748 இல ஸ்ட்ரிங்கர் லோரன்ஸ் எண்ட இங்கிலிஷ்காரன் கிழக்கிந்தியக் கொம்பனிக்காரருக்குப் படை ஒழுங்குபடுத்தத் தொடங்கினான், 1758 டிசம்பர் 4 ஆம் திகதி மெட்ராஸ் கவுன்சில் சிப்பாய்மாரைப் பட்டாலியனாக் கட்டுறதெண்டு முடிவெடுத்தது, இண்டைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் அந்தத் திகதியைத்தான் தன்ர பிறந்தநாளாக் கொண்டாடுது. அந்த முதல் பட்டாலியன்களுக்குக் கோஸ்ட் சிப்பாய் எண்டு பெயர், கோஸ்ட் எண்டது கோரமண்டல் கரை. பேந்து கர்நாடிக் பட்டாலியன், மெட்ராஸ் பட்டாலியன் எண்டு மாறிச்சுது. 1796 இல எல்லாத்தையும் ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டாலியனாக் கட்டி மெட்ராஸ் நேட்டிவ் இன்பன்ட்ரி (இன்பன்ட்ரி எண்டா காலாட்படை) ஆக்கினாங்கள், அந்தக் காலத்துத் தாளில 2/23 எண்டு கண்டா 23 ஆம் ரெஜிமென்டின்ர 2 ஆம் பட்டாலியன் எண்டு வாசிக்க வேணும். 1824 இல அந்தச் சோடியைப் பிரிச்சு ஒவ்வொரு பட்டாலியனையும் தனி ரெஜிமென்ட் ஆக்கி நம்பரும் புதுசாப் போட்டாங்கள், அதால 1824 க்கு முன்னால உள்ள நம்பரும் பின்னால உள்ள நம்பரும் ஒண்டெண்டு நினைச்சா முழுக்கப் பிழைக்கும். 1885 இல நேட்டிவ் எண்ட சொல்லு போச்சு. 1895 இல மெட்ராஸ், பம்பாய், வங்காளம் எண்ட மூண்டு தனிப் படையும் ஒரே இந்தியப் படையாச்சு.

பிறகு 1903. இந்தியப் படையின்ர தலைமைத் தளபதி கிச்சனர் வந்து இந்தியா முழுக்க ஒரே வரிசையா நம்பர் போட்டான். மெட்ராஸ் ரெஜிமென்டுகளுக்கு இதில ஒரு லேசான கணக்கு இருக்கு, பழைய நம்பரோட 60 ஐக் கூட்டுங்கோ. 3 ஆம் மெட்ராஸ் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி 63 ஆச்சுது, 13 ஆம் மெட்ராஸ் 73 ஆம் கர்நாடிக், 19 வந்து 79 ஆம் கர்நாடிக், 23 வந்து 83 ஆம் வாலாஜாபாத் லைட் இன்பன்ட்ரி, 26 வந்து 86 ஆம் கர்நாடிக். பம்பாய் ரெஜிமென்ட் எண்டா 100 கூட்ட வேணும். இந்தக் கணக்குத் தெரிஞ்சா மெடலில 73 எண்டு கண்ட உடன, 1903 க்கு முந்தின புத்தகத்தில 13 எண்டு தேடலாம், இது எத்தினையோ பேருக்குத் தெரியாம 73 ஐயே தேடித் தேடி ஒண்டுமில்லை எண்டு விட்டிருக்கினம்.

1922 இல திரும்பவும் கலைச்சு அடுக்கினாங்கள். 73 ஆம் கர்நாடிக் 3 ஆம் மெட்ராஸ் ரெஜிமென்டின்ர 1 ஆம் பட்டாலியன், அதாவது 1/3. 79 வந்து 2/3, 83 வாலாஜாபாத் 3/3. செலவு கூடவெண்டு சொல்லி 1920 களின்ர கடைசிக்குள்ள அந்த வழமையான பட்டாலியன் எல்லாத்தையும் கலைச்சுப்போட்டாங்கள், டெரிட்டோரியல் எண்ட பகுதிநேரப் பட்டாலியன்தான் மிஞ்சிச்சுது. இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகு 1941 தொடக்கம் திரும்ப எழுப்பினாங்கள், போர் முடியிற காலத்தில 3 எண்ட நம்பரும் போய் வெறும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆச்சு. அதால ஒராள் 1932 இல மெட்ராஸ் ரெஜிமென்டில முழுநேரச் சிப்பாயா இருந்தவர் எண்டு கதை வந்தா, அங்க ஒருக்கா நிண்டு யோசியுங்கோ, அவர் அநேகமா சாப்பர்ஸில இருந்திருப்பார். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் எண்டது பெங்களூரில நிலைகொண்ட இஞ்சினியர் படை, இன்பன்ட்ரி இல்லை, ஆனா தமிழ் ஆக்கள் விட்டுப்போகாம இருந்த இடம் அதுதான், அவையளைத் "தம்பி" எண்டுதான் பட்டாளத்தில கூப்பிடுறது. பயனியர்ஸ் எண்டு பாதை போடுற படையும் இருந்தது, 61, 64, 81 எண்ட நம்பர்கள், 1922 இல அது 1 ஆம் மெட்ராஸ் பயனியர்ஸ் ஆகி, 1933 இல கலைஞ்சுது.

இந்தக் கணக்கில ஒரு பெரிய பள்ளம் இருக்கு. 60 கூட்டினா வாற எல்லா ரெஜிமென்டும் தமிழ் ஆக்களின்ர ரெஜிமென்ட் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின்ர கடைசியில வெள்ளைக்காரருக்கு ஒரு கொள்கை பிடிச்சுது, வடக்கத்தி ஆக்கள்தான் சண்டைக்காரச் சாதி, தெற்கத்தி ஆக்கள் இளகினவை எண்டு, 1881 தொடக்கம் 85 வரைக்கும் மெட்ராஸில தளபதியா இருந்த ரொபர்ட்ஸ் அதைக் கொண்டு திரிஞ்ச ஆக்களில முக்கியமானவர். அந்தக் கொள்கையால மெட்ராஸ் ரெஜிமென்ட் ஒண்டொண்டா ஆள் மாத்தி, பெயரை மட்டும் வரலாறாக் காட்டி, பஞ்சாபி ஆக்களால நிரப்பினாங்கள். 1759 இல கோஸ்ட் சிப்பாயாத் தொடங்கின 2 ஆம் மெட்ராஸ் 1903 இல 62 ஆம் பஞ்சாபீஸ், 1922 இல 1 ஆம் பஞ்சாப் ரெஜிமென்டின்ர 1 ஆம் பட்டாலியன், 1947 இல பாகிஸ்தான். எங்கட ஆக்கள் நூறு வருசத்துக்கு மேல இரத்தம் சிந்தின ஒரு ரெஜிமென்டின்ர தொடர்ச்சி இண்டைக்குப் பாகிஸ்தான் ஆமியில இருக்கு. அதால 1914 இல 62, 66, 67 எண்ட நம்பர் வந்தா உங்கட பூட்டன் அதில இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, விளிம்பை இன்னொருக்கா வாசியுங்கோ.

சங்கிலியை எழுதி முடிச்ச பிறகுதான் புத்தகத்துக்குப் போக வேணும். 19 ஆம் நூற்றாண்டுக்கு முந்தின விசயத்துக்கு டபிள்யூ. ஜே. வில்சன் எண்ட கேணல் 1880 களில எழுதின மெட்ராஸ் படை வரலாறு இருக்கு, தொகுதி தொகுதியா, மெட்ராஸ் அரசாங்க அச்சகம் போட்டது, இன்டர்நெட் ஆர்கைவில காசில்லாம இறக்கலாம். அது இங்கிலீசு, பழைய நடை, ஆனா எந்தப் பட்டாலியன் எந்த மாசம் எங்க நிண்டது எண்டு அவ்வளவு விபரமா வேற ஒண்டும் இல்லை. பிடிஎப் இறக்கினா கடைசியில உள்ள அட்டவணையை முதல் பாருங்கோ, நம்பர் மாத்தின விபரம் அங்க கிடக்கும். இந்தியன் ஆமி லிஸ்ட் எண்டு அரசாங்கம் வருசத்துக்கு வருசம் வெளியிட்டது ஸ்கொட்லாந்து தேசிய லைபிரரி தளத்தில கனக்க இருக்கு. அதில வெள்ளைக்கார ஒபிசர் மட்டுமில்லை, சுபேதார், ஜமேதார் எண்ட எங்கட ஒபிசர்மாரின்ர பெயரும் ரெஜிமென்ட் வாரியா இருக்கும். சிப்பாய், நாயக், ஹவில்தார் இருக்காது. அதால வீட்டில "சுபேதார்" எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா அந்த லிஸ்டைக் கட்டாயம் பாருங்கோ.

செத்துப் போன ஆக்களெண்டா வேற வழி, அதுதான் சாதாரண சிப்பாயின்ர பெயர் நேராக் கிடைக்கிற ஒரு பெரிய இடம். கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழுவின்ர தளம், சி டபிள்யூ ஜி சி எண்டு அடிச்சா வரும். அதில பெயர், நம்பர், ரெஜிமென்ட், செத்த திகதி, கனபேருக்குத் தகப்பன்ர பெயர், கிராமம், ஜில்லா வரைக்கும் இருக்கு. தேடுற முறைதான் முக்கியம். முழுப் பெயரையும் அடிக்காதேங்கோ. வெள்ளைக்காரக் கிளார்க் தன்ர காதில விழுந்ததை எழுதினவன், முனியாண்டி எண்ட ஒரு பெயரை எத்தினை விதமா எழுதலாமோ அத்தினை விதமா எழுதியிருப்பான். ரெஜிமென்டையும் வருசத்தையும் மட்டும் போட்டு வாற லிஸ்டை முழுக்கக் கண்ணால வாசியுங்கோ, பெயரைச் சத்தமாச் சொல்லிப் பாருங்கோ, சொல்லேக்க பிடிபடும். ஊர்ப் பெயரும் அப்பிடித்தான், திருச்சியை டிரிச்சினோப்போலி எண்டும் தஞ்சாவூரை டாஞ்சூர் எண்டும் திருநெல்வேலியை டின்னவெல்லி எண்டும்தான் தேட வேணும். கல்லறை இல்லாத ஆக்களின்ர பெயர் நினைவுச் சின்னத்தில இருக்கும், பர்மாவில போனவைக்கு ரங்கூன் பக்கத்தில தவுக்யான் கல்லறையில 27,000 பெயர் வரைக்கும் உள்ள நினைவு மண்டபம் இருக்கு, மெசப்பத்தேமியாவுக்குப் பாஸ்ரா. பாஸ்ராவில வெள்ளைக்காரரின்ர பெயரைக் கல்லில பொறிச்சவங்கள் இந்தியச் சாதாரண சிப்பாய்மாரைப் பொறிக்காம எண்ணிக்கையா மட்டும் போட்டாங்கள், 2021 இல அந்த ஆணைக்குழுவே இப்பிடியான வேற்றுமை நடந்ததெண்டு அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில இல்லாட்டிலும் பதிவேட்டில பெயர் இருக்கலாம், அதால நினைவுச் சின்னத்தின்ர படத்தைப் பாத்துப்போட்டு இல்லையெண்டு விடாதேங்கோ.

ரெஜிமென்ட் எந்தச் சண்டையில நிண்டது எண்டு தெரிஞ்சா அதின்ர வார் டயரியை எடுக்கலாம், முதலாம் போருக்கு லண்டன் கியூவில உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில டபிள்யூ ஓ 95 எண்ட வரிசை. ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது எண்டு ஒபிசர் எழுதின குறிப்பு. அதில ஒபிசர் ஒருத்தன் காயப்பட்டா பெயரோட இருக்கும், எங்கட ஆக்கள் ஐ ஓ ஆர் (இந்தியன் அதர் ராங்ஸ், இந்தியச் சாதாரண சிப்பாய்மார்) எண்ட மூண்டு எழுத்துக்கு முன்னால ஒரு எண்ணாத்தான் இருப்பினம். வாசிக்கேக்க நெஞ்சு கனக்கும், ஆனா திகதியை எடுத்துக்கொண்டு சி டபிள்யூ ஜி சி லிஸ்டில அதே திகதியில செத்த ஆக்களின்ர பெயரைப் பாத்தீங்களெண்டா அந்த எண்ணுக்குப் பின்னால உள்ள ஆக்களின்ர பெயர் வந்து நிக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிக்கிறதுதான் நான் கண்ட வழியளில ஆகத் திறமான வழி.

இந்த இடத்தில 63 ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரியைப் பற்றிச் சொல்லாமப் போக ஏலாது. 1914 நவம்பர் தொடக்கத்தில கிழக்கு ஆபிரிக்காவில டாங்கா எண்ட துறைமுகத்தைப் பிடிக்க ஜெனரல் எய்ற்கன் எண்டவன் ஏறக்குறைய 8,000 பேரோட போய் இறங்கினான், மற்றப் பக்கம் ஜேர்மன்காரன் லெட்டோ ஃபோர்பெக்கிட்ட அதில எட்டில ஒரு பங்கு போல ஆக்கள்தான். தோத்துத் திரும்பக் கப்பலேறினாங்கள். தேன்கூடு கலைஞ்சு தேனீ கொத்தினதால அதுக்குத் தேனீச் சண்டை எண்டு கூடப் பெயர் இருக்கு. வெள்ளைக்காரன் எழுதின அநேகமான வரலாற்றில 63 ஆம் ரெஜிமென்ட் ஓடிட்டுது எண்டு ஒரு வரியில முடிச்சிருப்பாங்கள். அவங்கள் நிலைகுலைஞ்சது உண்மைதான். ஆனா அதே வரலாற்றைக் கவனமா வாசிச்சா என்ன தெரியுது, அந்தச் சனத்தைக் கிழமைக்கணக்காக் கப்பலில அடைச்சு வைச்சு, இறங்கின உடன தெரியாத காட்டுக்குள்ள, இயந்திரத் துவக்குக்கு முன்னால விட்டிருக்கிறாங்கள், இறங்கிற இடத்தை ஒழுங்கா வேவு பாக்கேல்ல, ரகசியமும் காக்கேல்ல. அதுக்கு முன்னால ஒரு தலைமுறையாத் தெற்கத்தி ஆக்கள் சண்டைக்கு உதவாது எண்டு சொல்லிச் சொல்லி அந்த ரெஜிமென்டுகளுக்குச் செலவழிக்காம விட்டதும் அதே ஆக்கள்தான். திட்டம் போட்டவன்ர பிழையை ஓடினவன்ர தலையில போடுறது வரலாற்றில லேசான வேலை. போர் முடிஞ்சு கொஞ்ச வருசத்தில அந்த ரெஜிமென்டைக் கலைச்சும் போட்டாங்கள். உங்கட பூட்டன் 63 இல இருந்தவர் எண்டு கண்டுபிடிச்சா, இந்த ஒரு வரியைப் பாத்து மனம் உடைஞ்சு போகாதேங்கோ, டயரியையும் செத்த ஆக்களின்ர லிஸ்டையும் எடுத்து நீங்களே வாசியுங்கோ.

வேற சில பேர் என்னட்டக் கேக்கிறது, எங்கட வன்னிக்கே அந்த மெட்ராஸ் பட்டாளம் வந்ததா எண்டு. வந்தது. 1795 இல ஒல்லாந்தரிட்ட இருந்து இலங்கையைப் பிடிக்க வந்த படை மெட்ராஸில இருந்துதான் வந்தது, வெள்ளைக்கார ரெஜிமென்டுகளோட மெட்ராஸ் சிப்பாய்மாரும் வந்தவை. ஓகஸ்ட் கடைசியில திருகோணமலை, செப்டெம்பர் கடைசியில யாழ்ப்பாணம், ஒக்டோபர் தொடக்கத்தில முல்லைத்தீவும் மன்னாரும், அடுத்த வருசம் பெப்ரவரியில கொழும்பு. கொஞ்ச வருசம் இலங்கையை மெட்ராஸில இருந்தே ஆண்டாங்கள். ஆனா பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சுப் பிடிச்சது, ஒக்டோபர் 31 இல கற்சிலைமடுவில கப்டன் ட்றிபேர்க் எண்டவன் அவரைத் தோக்கடிச்சது எண்ட கதைக்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்டைத் தேடாதேங்கோ, ஏனெண்டா அதுக்கு முதலே, 1802 இல, இலங்கை கொம்பனியின்ர கையை விட்டு அரசருக்கு நேரடியாப் போயிட்டுது, இஞ்ச மலாய்க்காரரையும் மற்ற ஆக்களையும் சேர்த்துத் தனி இலங்கை ரெஜிமென்டுகள் கட்டியாச்சு. அதுக்கு 1895 இல ஜே. பி. லூயிஸ் எழுதின வன்னி மாவட்டக் கைநூலைத்தான் பாக்க வேணும். அதே 1803 செப்டெம்பரில மெட்ராஸ் பட்டாலியன்கள் மராத்தியரோட அசாயேயில சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்தது, அந்த வெற்றிக்குக் கிடைச்ச யானைச் சின்னந்தான் இண்டைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டின்ர தொப்பியில இருக்கு. வீட்டில பழைய பித்தளைச் சின்னத்தில யானையைக் கண்டா அதையும் போட்டோ எடுத்து வையுங்கோ, இரண்டு பக்கமும்.

நம்பர் தேடேக்க இடைவெளி வந்தா குழம்பாதேங்கோ. 1806 யூலை 10 இல வேலூர்க் கோட்டையில மெட்ராஸ் சிப்பாய்மார் எழும்பினவை, நெத்தியில குறி போடக்கூடாது, மீசையைத் திருத்த வேணும், தோல் வைச்ச புதுத் தொப்பி போட வேணும் எண்டு போட்ட உத்தரவுதான் பத்த வைச்சது. ஆர்க்காட்டில இருந்து கில்லஸ்பி எண்ட வெள்ளைக்கார ஒபிசர் குதிரைப்படையோட வந்து அடக்கினான், நூற்றுக்கணக்கில சிப்பாய்மாரைக் கொன்றாங்கள். அதில இருந்த 1 ஆம், 23 ஆம் ரெஜிமென்டுகளின்ர நம்பரையே லிஸ்டில இருந்து அழிச்சு, புதுசா 24, 25 எண்டு எழுப்பினாங்கள். பிற்காலத்து 23, அதாவது வாலாஜாபாத், வேலூரில எழும்பின 23 இல்லை.

இவ்வளவும் சேர்ந்த பிறகு கடிதம். மெட்ராஸ் ரெஜிமென்டின்ர மையம் நீலகிரியில வெலிங்டனில இருக்கு, சாப்பர்ஸ் எண்டா பெங்களூர். நீங்கள் ஆர், அவருக்கு என்ன உறவு, நம்பர், பதவி, பெயர் (மெடலில உள்ள எழுத்திலயே), தகப்பன்ர பெயர், கிராமம் தாலுகா ஜில்லா, ரெஜிமென்ட் பெயர் அந்தக் காலத்திலயும் இந்தக் காலத்திலயும், சேர்ந்த வருசம் விட்ட வருசம். ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதேங்கோ. "எல்லா விபரமும் அனுப்புங்கோ" எண்டு கேக்காம ஒரு கேள்வி கேளுங்கோ, இந்த நம்பரில இந்த ஆளின்ர பதிவு உங்களிட்ட இருக்கா எண்டு. மெடல் போட்டோவையும் செட்டிபிக்கட் கொப்பியையும் சேருங்கோ, ஒறிஜினலை ஒருநாளும் தபாலில அனுப்பக்கூடாது. பதில் வராமலும் போகலாம், கனகாலம் எடுக்கலாம். கொம்பனி காலத்து மெட்ராஸ் இராணுவப் பகுதிக் கோப்புகள் சென்னை எழும்பூரில உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில இருக்கு, சென்னையில சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் அவையளை ஒருக்கா அனுப்பிப் பாக்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் அபிலேக் படல் எண்ட தளத்தில பழைய கோப்புகளை ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கு, கணக்குத் திறந்தா வீட்டில இருந்தே வாசிக்கலாம், ரெஜிமென்டின்ர பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கோ.

வாற பதிலுக்குக் காத்துக்கொண்டு இருக்காம, கையில உள்ளதை இப்பவே ஸ்கான் பண்ணுங்கோ. கொமினிகேசன் கடையில செய்யிறதெண்டா ஆகக் கூடின தரத்தில, கலரில செய்யச் சொல்லுங்கோ, தாளின்ர பின்பக்கம் வெறுமையா இருந்தாலும் அதையும். ஒரு கொப்பியை வெளிநாட்டில உள்ள பிள்ளையளிட்டக் குடுத்து வையுங்கோ, ஒண்டை நூலகம் தளத்துக்காரரிட்டக் குடுங்கோ, அவை எங்கட ஆவணங்களைச் சேர்த்து வைக்கிற ஆக்கள். ஒரே வீட்டுக்குள்ள எல்லாத்தையும் வைச்சா என்ன நடக்கும் எண்டது எங்களுக்குப் புதுசா ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. பழைய போட்டோவுக்குப் பின்னால எழுதுறதெண்டா பேனை வேண்டாம், மெல்லிசாப் பென்சிலால எழுதுங்கோ, ஆளின்ர பெயர், ரெஜிமென்ட், அதை உங்களுக்குச் சொன்ன ஆள் ஆர், எந்த வருசம் சொன்னவர் எண்டது வரைக்கும்.